மழைக்கு முன் இருபத்திரண்டு வரிசை

மூன்று திருகாணிகள் கழன்றுவிட்டன. நான்காவது மட்டும் அசைய மறுத்தது.

ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டு சுபானி திருப்புளியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாள். கீழே, ரைன் நதியோரச் சாலையில், ஒரு வெள்ளை வான் வண்டி வளைவு திரும்பியது. கோடையில் நடந்த உலகக் கோப்பைக்காகச் செருகிய கொடி இன்னும் அதன் ஜன்னலில் படபடத்துக்கொண்டிருந்தது. சந்தேகமே இல்லை. கெல்சென்கிர்ச்சன் கோயில் வான்.

மூன்று நிமிடம். மிஞ்சிப்போனால் நான்கு.

அதற்குள் வாசலில் தொங்கும் இந்தப் பலகை மறைந்தாக வேண்டும். 'வைன் தோட்டம், 1911 முதல்' என்று கொட்டை எழுத்தில் ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தது அது.

"சுபானி! என் தாத்தா மாட்டிய பலகையை எங்கே கொண்டு போகிறாய்?"

மாமியார் றெனாட்ட. அறுபத்தொரு வயது. கையில் வாளி, காலில் ரப்பர் பூட்ஸ், குரலில் தேவாலய மணி.

"கழுவப் போகிறேன்."

"இன்றைக்கா? நாலு மணிக்கு மழை என்று காலையிலிருந்து ரேடியோ கத்துகிறது. மேட்டுத் துண்டில் இருபத்திரண்டு வரிசை பறிக்கக் கிடக்கிறது. நீ பலகை கழுவுகிறாய்!"

நான்காவது திருகாணி மனம் இரங்கியது. பலகை பொத்தென்று சுபானியின் கைகளில் விழுந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி, டிராக்டர் கொட்டகையில் சாக்குக்குக் கீழே தள்ளினாள்.

காரணத்தை ஜெர்மன் மொழியில் விளக்கப் போனால் அரை நாள் ஆகும். தமிழில் ஒரே வரிதான். சுபானியின் அம்மா சந்திரகாந்தி மூன்று வருடமாக ஒரு பொய் சொல்லி வைத்திருந்தார்.

சுபானி, ஐந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து கெல்சென்கிர்ச்சன் நகரில் வளர்ந்தவள். வைன் செய்யும் தொழிலை முறைப்படி படித்தாள். கூடப் படித்த மத்தியாஸைக் கலியாணம் கட்டினாள். மகள் வெள்ளைக்காரனைக் கட்டியதைக்கூட அம்மா கோயிலடியில் நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுத் தொழில் வைன் என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

"அவை முந்திரிகைத் தோட்டம் வைச்சிருக்கினம். பிள்ளையளுக்கு யூஸ் செய்து விக்கினம்" என்று சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தாருக்குத் திராட்சை என்றால் முந்திரிகைதான், ஜூஸ் என்றால் யூஸ்தான். அந்த மட்டில் பொய் பாதிதான்.

அப்பா யோகம் பொய் எதுவும் சொல்லவில்லை. கலியாண மண்டபத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "உவையின்ர முத்தத்தில நான் கால் வைக்கமாட்டன்."

மூன்று வருடமாக இந்த முற்றத்தில் கால் வைக்கவும் இல்லை.

வான் உள்ளே வந்து நின்றது. கதவு திறந்ததும் முதலில் இறங்கியது ஒரு வடைச் சட்டி. அடுத்தது அம்மா. அவருக்குப் பின்னால், கோயில் தலைவர் கல்யாணசுந்தரம், சேலைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்ட மகாதேவி அக்கா, வானை ஓட்டிவந்த மெக்கானிக் ராசன் அண்ணை, இன்னும் பத்துப் பேர்.

நேற்று விஜயதசமி. பூசை முடிந்ததும் கல்யாணசுந்தரம் ஒலிபெருக்கியைப் பிடித்து, "யோகத்தின்ர மகளின்ர யூஸ் தோட்டத்தில, மேட்டுத் துண்டில இருபத்திரண்டு வரிசை பறிக்க அவசரமா ஆக்கள் வேணும். நாளைக்கு அரசாங்க லீவுதானே?" என்று கேட்டாராம். கேட்டு முடிக்குமுன் கைகள் எழும்பினவாம். யூஸுக்கு இத்தனை ஆர்வமா என்று அம்மாவே அசந்துபோய் டெலிபோனில் சொன்னார்.

மறுக்கச் சுபானிக்கு வழியிருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் பறிக்க வரும் போலந்துக்காரர் அறுவர் அடுத்த திங்கட்கிழமைதான் பஸ் ஏறுவார்கள். ஆனால் 2006 அக்டோபர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வாரக்கணக்கில் ஈரமும் சூடும் மாறி மாறி அடித்ததில், பழம் கொடியிலேயே அழுகத் தொடங்கியிருந்தது. இன்று மாலை மழை இறங்கினால் நாளைக்குப் பறிக்க எதுவும் மிஞ்சாது.

அதுவும் மேட்டுத் துண்டில்!

நாலு ஹெக்டேர் தோட்டத்தில் ஆற்றைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும் அந்த ஒரு துண்டு மட்டும் சுபானியுடையது. டிராக்டர் ஏறாத இடம். மாசியில் விரல் விறைக்க விறைக்கக் கொடி வெட்டுவதும், சித்திரையில் வளைத்துக் கட்டுவதும், ஆடி வெயிலில் பழத்துக்குக் காற்றுப்பட இலை கிள்ளுவதும் அவளே. அங்கே விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் வடிக்கும் வைனுக்கு லேபலில் அவள் பெயர்தான். றெனாட்ட மூன்று அறுவடை தவணை கொடுத்திருந்தார். முதல் வருடம் புளித்தது. இரண்டாம் வருடம் நன்றாக வந்தும் பாதிக்கு மேல் கிடங்கில் தூங்குகிறது. இது மூன்றாவது.

"பழத்தில் சர்க்கரை எண்பத்தைந்து டிகிரிக்குக் குறையக் கூடாது. பீப்பாயும் நிறைய வேண்டும். இல்லாவிட்டால் கொடியைப் பிடுங்கிவிட்டுச் சிவப்புத் திராட்சை நடுவோம்" என்று போன வாரம் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டார். கொடி பிடுங்கும் ஆளுக்கு நாளும் குறித்தாயிற்று.

ஆக, இன்று நாலு மணிக்குள் இருபத்திரண்டு வரிசை. அதுவரை இந்தப் பதின்மூன்று பேருக்கும் இது யூஸ் தோட்டம். தெரிந்தால் அத்தனை பேரும் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வானில் ஏறிவிடுவார்கள், அம்மாவின் மானமும் அதே வானில் ஏறிப் போய்விடும் என்பது சுபானியின் கணக்கு.

"வாங்கோ, வாங்கோ! எல்லாரும் கத்தரிக்கோல் எடுங்கோ. நல்ல குலை கறுப்பு வாளிக்கு. அழுகிப் புளிச்ச வினாகிரி மணம் வந்தால் சிவப்பு வாளிக்கு. அவ்வளவுதான்."

"கொப்பர் வரேல்லையோ எண்டு கேக்கமாட்டியோ?" என்றார் ராசன், முதுகுத் தொட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே.

"அப்பா வரமாட்டார் எண்டு தெரியும்தானே ராசன் அண்ணை."

"ஓம், ஓம். தெரியும்" என்று ராசன் பெரிதாகத் தலையாட்டினார்.

ஏறினார்கள். சுபானிக்குக் கண் விரிந்தது. போலந்துக்காரர் வேலையில் புலிகள். ஆனால் போட்டி போடமாட்டார்கள். இவர்களோ இரண்டாம் வரிசையிலேயே ஆளுக்காள் சவால் விடத் தொடங்கிவிட்டார்கள்.

"தலைவரே, கூட்டத்தில கதைக்கிற வேகம் கையில காணேல்லை!" என்றார் மகாதேவி, கல்யாணசுந்தரத்தைத் தாண்டி முன்னேறியபடி.

"நான் துப்புரவா வெட்டுறன். நீர் இலையையும் சேர்த்தெல்லோ வெட்டுறீர்!"

"இலை யூஸுக்கு நல்லதாம்" என்று மகாதேவி கண்ணடித்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுபானிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஆற்றுக்கு அக்கரையில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

ராசன் தொட்டியோடு கீழே இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். வாளியைத் தொட்டிக்குள் கவிழ்க்கும்போது ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார்.

"இந்த முறை திறம். முதல் வருசத்து யூஸ் புளி. போன வருசத்தது பரவாயில்லை."

"ம்... ஓம்" என்றாள் சுபானி, ஏழாம் வரிசையைக் கண்ணால் அளந்துகொண்டே. காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை.

பதினொரு மணிக்கு ஒன்பது வரிசை. பன்னிரண்டரைக்குப் பதின்மூன்று.

அங்கேதான் அடுத்த கண்டம் காத்திருந்தது. மதிய இடைவேளை! பறிக்கிறவர்களுக்குப் பாணும் சீஸும் வைத்து, ஆளுக்கு ஒரு கிளாஸ் வைன் ஊற்றுவது றெனாட்ட வீட்டு வழக்கம். உலகப் போரில்கூட நிறுத்தாத வழக்கம் என்று பெருமை வேறு. சுபானி விடியற்காலையிலேயே சமையலறையில் புகுந்து, வைன் போத்தல்களை அலமாரியில் பூட்டி, சூப்பர்மார்க்கெட் திராட்சை யூஸை ஜாடிகளில் ஊற்றி வைத்திருந்தாள்.

"என் மேசையில் கடையில் வாங்கின யூஸா?" றெனாட்டவின் முகம் சுருங்கியது. "இவர்கள் என்ன, ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தைகளா?"

"கோயில் ஆட்கள் றெனாட்ட. இன்றைக்கு மட்டும்."

கல்யாணசுந்தரம் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். ஒரு மிடறு குடித்தார். அவருடைய முகம், பந்தியில் பாயசம் முடிந்துவிட்டது என்று கேட்டவனின் முகமாயிற்று.

"இதுவோ பிள்ளை உங்கட யூஸ்?"

"ஓம் அண்ணை."

"ம்ம்" என்று கிளாஸை மெல்ல மேசையில் வைத்தார். மகாதேவி அவரைப் பார்த்தார். அவர் ராசனைப் பார்த்தார். ராசன் வடையைப் பார்த்தார்.

அம்மாதான் அவசரமாக இடையில் புகுந்தார். "பிள்ளையள் குடிக்கிறதெல்லோ? அதுதான் இனிப்பு."

அந்த நேரம் பார்த்து அலுவலக அறையில் ஃபாக்ஸ் மெஷின் கரகரத்தது. றெனாட்ட எழுந்து போய் ஒரு தாளோடு வந்தார்.

"உன் ரசிகர்தான். கெல்சென்கிர்ச்சன் ஷுல்ட்ட. மேட்டுத் துண்டில் எத்தனை வரிசை முடிந்தது என்று கேட்கிறார். விடுமுறை நாளில் இந்த மனிதனுக்கு வேறு வேலை இல்லையா? கையெழுத்தைப் பார். ஒன்றை வெறும் குச்சியாகக் கீறுகிறார். ஏழுக்கு நடுக்கோடு இல்லை. எந்த ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதச் சொல்லிக்கொடுக்கிறார்கள்!"

ஒன்றரை வருடமாகச் சுபானியின் வைனை மட்டும் பெட்டி பெட்டியாக வாங்கும் ஒரே வாடிக்கையாளர் இந்த ஷுல்ட்ட. ஒருநாளும் டெலிபோனில் பேசியதில்லை. எல்லாம் ஃபாக்ஸ். சுபானி தாளை வாங்கிப் படிக்காமலே சட்டைப் பைக்குள் திணித்தாள். நல்லவேளை, றெனாட்ட பேசியது மளமளவென்று அந்த ஊர் வழக்கு ஜெர்மனில். ஒருவருக்கும் புரிந்திருக்காது. ராசனுக்கு மட்டும் ஏனோ புரையேறியது.

"மேல! எல்லாரும் மேல வாங்கோ! இன்னும் ஒன்பது வரிசை!"

இரண்டு மணி. பதினேழு.

மூன்று மணி. இருபது. காற்று திசை மாறியது. ஆற்றில் போன சரக்குக் கப்பல் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு போனது.

சுபானி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தாள். கீழே முற்றம் உள்ளங்கைபோலத் தெரிந்தது. டிரெய்லரில் ஆறு பெரிய தொட்டிகள் நிறைய அவளுடைய ரீஸ்லிங். மத்தியாஸ் உள்ளே பிழியும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முழங்கால் வலி என்று மேலே ஏறாமல் முற்றத்திலேயே நின்ற அம்மா, தேநீருக்காக இறங்கிப்போன கல்யாணசுந்தரத்தோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார்.

கதைத்தபடியே சுவரோரம் போனார். குனிந்தார். பச்சை நிறத்தில் எதையோ இழுத்துக்கொண்டு டிரெய்லரை நோக்கி நடந்தார்.

தண்ணீர்க் குழாய்!

வைனுக்குப் பறித்த பழத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பட்டால் சர்க்கரை இறங்கும். சட்டமும் விடாது. அந்த ஆறு தொட்டியும் அவளுடைய மூன்றாம் தவணை. ஆனால் யூஸ் என்று மூன்று வருடம் சொன்ன பெண்மணி, அதுவும் கோயில் தலைவர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, கழுவாத பழத்தை எப்படி விட்டுவைப்பார்?

"அம்மா! தண்ணி விடாதேங்கோ!"

கீழேயிருந்து பதில் வந்தது. "விசர்க் கதை கதையாதை! மருந்தடிச்ச பழமெல்லோ? கழுவாமல் குழந்தையளுக்குக் குடுக்கிறதோ?"

"வேண்டாம் அம்மா! அங்கால வையுங்கோ!"

"நீ உன்ர வேலையைப் பார்! யூஸுக்குக் கழுவத்தானே வேணும், என்ன தலைவர்?"

தலைவர் வானத்தைப் பார்த்தார். அம்மாவின் கை குழாயின் திருகிக்குப் போனது.

பாய்ந்து இறங்கினாலும் இருநூறு படி. எட்டாது. சுபானி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"அம்மா, அது யூஸ் இல்லை! வைன்! வைனுக்குத் தண்ணி ஊத்தினால் நான் துலைஞ்சன்!"

ஆற்றுக்கு அக்கரை மலை அதை வாங்கி, 'துலைஞ்சன்' என்று திருப்பி அனுப்பியது.

அம்மா உறைந்து நின்றார். குழாய் வாயிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் அவருடைய செருப்பில் விழுந்தது. செருப்பில் மட்டும்.

சுபானி கண்ணை மூடிக்கொண்டாள். இனிக் கத்தரிக்கோல்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழும். வான் கதவு அடிபடும்.

கிரீச். கிரீச். கிரீச்.

கண்ணைத் திறந்தாள். மகாதேவி அக்கா குலை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வரிசையிலும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதே வேகம்.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்? மழை வருகுது" என்றார் மகாதேவி.

"நான் சொன்னது கேட்டதோ அக்கா? இது வைன்..."

"ஓம், தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"குடிக்கிற எங்களுக்குத் தெரியாதே? லேபல் உரிச்ச போத்தில் ராசன் கொண்டுவந்து தாறவன். தலைவருக்குச் சளி பிடிச்சால் ரெண்டு போத்தில்."

"தலைவருக்கு வருசம் முழுக்கச் சளி" என்றது அடுத்த வரிசை.

"அதுதானே பிள்ளை, மத்தியானம் நீ உண்மையாவே யூஸைக் கொண்டுவந்து வைக்க எங்களுக்கு நெஞ்சு வெடிச்சது!" என்றார் மகாதேவி.

கீழே அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். குழாயை அப்படியே போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

"அப்ப நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யூஸ், யூஸ் எண்டு சொல்லேக்க எல்லாரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தனியளோ?"

"நீர் வடிவாச் சொன்னனீர் சந்திரகாந்தி. குழப்ப மனம் வரேல்லை!" என்றார் பக்கத்தில் நின்ற தலைவர்.

மலைச்சரிவே சிரித்தது. அம்மா முறைத்தார். முறைப்பு நிற்கவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

சுபானி ராசனிடம் பாய்ந்தாள். "ராசன் அண்ணை! என்ர வைன் உங்களுக்கு எங்காலை?"

"எனக்கு ஒராள் தாறது."

"ஆர்?"

"சொல்லமாட்டன் எண்டு சத்தியம். இன்னும் ரெண்டு வரிசை இருக்கு. முதல்ல அதை முடி" என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

மூன்று ஐம்பத்தைந்துக்குக் கடைசி வாளி கவிழ்ந்தது. மத்தியாஸ் வந்து டிரெய்லரைக் கொட்டகைக்குள் தள்ள, எட்டுக் கை கூடத் தள்ளியது. கூரையில் முதல் துளி பட்டென்று விழுந்தது. அடுத்த நிமிடம் மேட்டுத் துண்டே தெரியவில்லை. அப்படி ஒரு மழை.

கொட்டகைக்குள் எல்லோரும் முண்டியடித்து நிற்க, றெனாட்ட ஒரு பழத்தைச் சர்க்கரை அளக்கும் கண்ணாடிக் குழலில் பிழிந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஒரு கண்ணை இடுக்கினார். துடைத்துவிட்டு இன்னொரு பழம். இன்னொன்று.

"தொண்ணூற்றொன்று" என்றார் றெனாட்ட. "கொடி பிடுங்க வரும் ஆளை வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இவர்களுக்கு இனியாவது ஒழுங்கான வைன் ஊற்றலாமா? இல்லை, ஞானஸ்நானம் இன்னும் முடியவில்லையா?"

மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. தலைவர் ஏற்கெனவே கிளாஸை நீட்டியிருந்தார். சாக்குக்குக் கீழே கிடந்த பலகையை மகாதேவி கண்டுபிடித்து, "இதையும் ஒளிச்சு வைச்சவளோ!" என்று தூக்கிக் காட்ட, இன்னொரு சிரிப்பு வெடித்தது.

றெனாட்ட போத்தல் எடுக்க ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கையில் போத்தல்கள். மறு கையில் மழையில் நனைந்த ஒரு தாள்.

"மறுபடியும் உன் ஷுல்ட்ட!"

இந்தமுறை சுபானி நின்று படித்தாள். ஜெர்மனில் இரண்டே வரி. 'மழைக்கு முன் எல்லாம் உள்ளே வந்துவிட்டதா? எனக்கு 17 பெட்டி.' ஒன்று, வெறும் குச்சி. ஏழு, நடுக்கோடு இல்லாமல்.

மத்தியானத்துத் தாளையும் பைக்குள்ளிருந்து எடுத்து விரித்தாள். 'மேட்டுத் துண்டு.' கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் ஒரு ஷுல்ட்டவுக்கு, இன்றைக்கு எந்தத் துண்டில் பறிக்கிறார்கள் என்பது எப்படித் தெரியும்? வரிசைக் கணக்கைப் பற்றி அவருக்கு யார் சொன்னது?

நேற்றுக் கோயிலில் நின்றவர்களுக்குத்தான் அது தெரியும்.

"ராசன் அண்ணை" என்றாள் மெதுவாக. "நீங்கள் வேலை செய்யிற கராஜின்ர பேர் என்ன?"

ராசன் கிளாஸுக்குள் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். தலைவர், சொல்லித் தொலை என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தார்.

"ஷுல்ட்ட" என்றார் ராசன். "ஆனா எங்கட முதலாளி பியர் தவிர வேற ஒண்டும் தொடான் பிள்ளை. சனிக்கிழமையே மனிசியோட ஸ்பெயினுக்குப் போட்டான். கராஜ் பூட்டு."

"பூட்டின கராஜிலயிருந்து ஆர் ஃபாக்ஸ் அடிக்கிறது?"

அம்மா இரண்டு தாள்களையும் மகளின் கையிலிருந்து வாங்கினார். அந்தக் குச்சி ஒன்றையும் கோடில்லாத ஏழையும் பார்த்தார். பார்த்தபடியே பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ராசன் தொண்டையைச் செருமினார்.

"விடியக் காலமை வான் வெளிக்கிட முதல் என்னட்டைக் கராஜ் பூட்டின்ர திறப்பை வேண்டிக்கொண்டு போனவர். ஃபாக்ஸுக்குப் பக்கத்தில கதிரை போட்டுக்கொண்டு இருக்கிறார். முத்தத்தில கால் வைக்கமாட்டன் எண்டுதானே உன்ர அப்பா சொன்னவர்?"